நான் மறுத்த ரிமாண்டு

புது நீதிபதிகளுக்கான உங்கள் பயிற்சி வகுப்பில் வந்து பேசும்படி கூப்பிட்டிருந்தார்கள். நான் வரவில்லை. மேடையில் ஏறினால் முடிக்கும்போது நம்பிக்கையாக ஏதாவது சொல்லியாக வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவர்களின் முகமே அதைக் கேட்கும். எழுத்தில் அந்தக் கட்டாயம் இல்லை என்பதால் எழுதித் தருகிறேன்.

நீதித்துறையின் சுதந்திரம் என்பது நீங்கள் கொடுத்த தலைப்பு. புத்தகங்களில் அதற்கு வரும் ஆபத்தெல்லாம் வெளியிலிருந்து வரும். அமைச்சர் மிரட்டுவார், பணக்காரர் ஆள் அனுப்புவார். என் பணிக்காலம் முழுவதிலும் எந்த அமைச்சரும் என்னைக் கூப்பிட்டதில்லை. ஒரே ஒரு முறை என்னைக் கூப்பிட்டவர், இந்தத் தொழிலில் நான் யாரைவிடவும் அதிகம் மதித்த மனிதர். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது நான் காவிரியை ஒட்டிய ஒரு சிறு ஊரில் நீதித்துறை நடுவராக, அதாவது மாஜிஸ்திரேட்டாக, இருந்தேன். மோகனூரிலிருந்து அதிக தூரமில்லை. என் சொந்த ஊர் தம்மம்பட்டிப் பக்கம், பேச்சு வேறு மாதிரி. இங்கே எதிரி என்று நாம் சொல்லும் குற்றம் சாட்டப்பட்டவர், சாட்சி, போலீஸ்காரர் எல்லோருமே வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடுவார்கள். கொலை மிரட்டலைப் பற்றிச் சாட்சி சொல்லும்போதுகூட, ‘வெட்டிப்போடுவேன்னு சொன்னாருங்க’ என்று மரியாதை குறையாமல்தான் சொல்வார்கள். பழகிய பிறகு எனக்கு அது பிடித்துப்போனது.

அந்த ஆண்டு உயர் அழுத்த மின்பாதை ஒன்று அந்தப் பக்கத்துத் தோட்டங்கள் வழியாக வந்துகொண்டிருந்தது. கோபுரம் நடுவதற்கு நிலத்துக்காரரின் சம்மதம் தேவையில்லை. அவர் தடுத்தால் ஆட்சியர் ஓர் அனுமதி உத்தரவு போடுவார், போலீஸ் காவலோடு வேலை நடக்கும். விவசாயிகள் கம்பியைச் சாலையோரமாகப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொல்லி மனு கொடுத்தார்கள், சாலையில் உட்கார்ந்தார்கள். மின்பாதை போடும் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு ஊராகப் பேசி முடித்துவிட்டார்கள். ஓர் ஊர் மட்டும் மசியவில்லை. அந்த ஊருக்காகப் பேசியவர் அங்கமுத்து. ஐம்பதைத் தாண்டியவர், கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் மஞ்சள், ஒரு தென்னந்தோப்பு. தோப்பின் நடுவில்தான் கோபுரம் வரவேண்டியிருந்தது.

ஒரு நாள் காலை மரம் வெட்ட ஆட்கள் வந்தார்கள். அங்கமுத்துவைக் கைது செய்து மதியம் என் முன்னால் கொண்டுவந்தார்கள்.

ரிமாண்டு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதைச் செய்வது எவ்வளவு சுலபம் என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். போலீஸ் ஒருவரைக் கூட்டிவந்து நிறுத்துகிறது, இவரைச் சிறைக்கு அனுப்புங்கள் என்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டால் பதினைந்து நாள். போடாவிட்டால் அவர் வீட்டுக்குப் போகிறார். நம் நாளில் மிகக் குறைந்த நேரம் எடுக்கும் வேலை இதுதான். வழக்கு நடத்தித் தண்டனை கொடுக்க ஆண்டுகள் ஆகின்றன. ஒருவரைச் சிறைக்கு அனுப்ப ஒரு நிமிடம் போதும்.

அன்று சாப்பாட்டு இடைவேளையில் போன் வந்தது. எங்கள் மாவட்டத்தின் முதன்மை நீதிபதி. பயிற்சிக் காலத்தில் அவர் நீதிமன்றத்தில் உட்கார்ந்துதான் நான் வேலை கற்றேன். போர்வெல் வண்டியில் வேலை செய்த ஒரு சாட்சி, கூண்டில் ஏறிய பயத்தில் தன் பெயரே மறந்து நின்றபோது, நாற்காலி போடச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, ‘உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்க’ என்று காத்திருந்தவர். செல்வாக்குள்ள ஒருவருக்குத் தண்டனை கொடுக்கும் முன், மாற்றல் வரும் என்று தெரிந்து வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தீர்ப்பு வாசித்தவர். மாற்றலும் வந்தது, போனார். அப்படிப்பட்டவர்.

“சாப்டீங்களாம்மா?” என்று ஆரம்பித்தார்.

“இப்பத்தான் சார்.”

“டவர் லைன் கேஸ்ல ஒரு ரிமாண்டு வருதுன்னாங்க.”

“வந்தாப் பாக்கிறேன் சார்.”

“பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல. சின்ன விஷயம்தான். இன்னைக்கு உள்ள அனுப்பிட்டா, ஜாமீன் மனு வரும்போது குடுத்துருங்க. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாம முடிஞ்சிரும்.” போனை வைக்கப்போகும்போது சொன்னார்: “நான் கூப்பிட்டதா இருக்க வேண்டாம்மா.”

குரலில் மிரட்டல் இல்லை. களைப்புதான் இருந்தது. அவருக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகும் வாய்ப்பு அப்போது பேசப்பட்டுக்கொண்டிருந்தது. என் பணியைப் பற்றி ஆண்டுதோறும் ரகசியக் குறிப்பு எழுதுகிறவரும் அவர்தான். என் மகள் அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு. இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. போனை வைத்ததும் எனக்கே வரிசையாக நினைவுக்கு வந்தது. நெருக்கடி என்பது இப்படித்தான் வரும். அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், மீதியை நாமே நமக்குச் சொல்லிக்கொள்வோம்.

இடைவேளை முடிந்து கூப்பிட்டபோது அங்கமுத்து உள்ளே வந்தார். வேட்டியில் சேறு, ஒரு காலில் செருப்பு இல்லை. பின்னால் இன்ஸ்பெக்டர். வாசலோரம் ஒரு பெண், கையில் அந்த இன்னொரு செருப்போடு. அவர் மனைவி பாவாயி என்று பிறகு தெரிந்தது.

புகாரின்படி, அரசு வேலையைத் தடுத்தார், கொடுவாளைக் காட்டிக் கொன்றுவிடுவேன் என்றார்.

“என்ன நடந்தது?” என்று கேட்டேன்.

“மரத்துல கைய வெச்சாங்க. நானு மரத்தக் கட்டிப் புடிச்சுட்டு நின்னுட்டனுங்க. அவ்ளோதானுங்க.”

“கொடுவாள் வைத்திருந்தீர்களா?”

“இல்லீங்கம்மா. கொடுவாளு மரம் வெட்ட வந்தவிய கிட்டத்தானுங்க இருந்துச்சு. நானு ரெண்டு கையாலயும் மரத்தப் புடிச்சிருந்தனுங்க. மூணாவது கை எனக்கு எங்கிருக்குதுங்க.”

வக்கீல்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். அங்கமுத்து சிரிக்கவில்லை.

ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனை உள்ள குற்றத்துக்குக் கைது ஏன் தேவை என்று போலீஸ் காரணம் காட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் கொடுத்த தாளில் அச்சடித்த காரணங்கள் எல்லாவற்றுக்கும் நேராக டிக் போட்டிருந்தது.

“தலைமறைவாகிவிடுவார் என்று போட்டிருக்கிறீர்கள். இவர் எங்கே போவார்?”

“எங்கயாச்சும் போயிரலாங்க மேடம்.”

“நாலு மாட்ட உட்டுட்டு நான் எங்கீங்க போறது,” என்றார் அங்கமுத்து, இன்ஸ்பெக்டரைப் பார்த்து.

“சாட்சியைக் கலைப்பார் என்றும் போட்டிருக்கிறீர்கள். சாட்சிகள் யார்?”

“கம்பெனி ஆளுங்க மேடம்.”

“எந்த ஊர்?”

“வடக்க, மேடம். பாஷை தெரியாதவங்க.”

“இவர் எந்த பாஷையில் கலைப்பார்?”

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. கீழே பார்த்துக்கொண்டு, “மேடம், எனக்கும் சொல்லித்தான் அனுப்பிச்சிருக்காங்க,” என்றார் மெதுவாக.

இங்கே ஒன்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த நிமிடத்தில் எனக்குள் கோபம் இருந்தது. என்னைப் போய்க் கூப்பிட்டுச் சொல்கிறார்களே என்ற கோபம். அந்தக் கோபத்தில் மறுத்தால், அதுவும் போன் சொன்னபடி நடப்பதுதான், திசை மட்டும் மாறியிருக்கும். தண்ணீர் வாங்கிக் குடித்தேன். போன் வராமலே இருந்திருந்தால் இந்தத் தாளைப் படித்து என்ன செய்வேன் என்று கேட்டுக்கொண்டு இன்னொரு முறை முழுதாகப் படித்தேன். விடை மாறவில்லை. கைதுக்குக் காரணம் காட்டப்படவில்லை, ரிமாண்டு மறுக்கப்படுகிறது, சொந்தப் பிணையில் விடப்படுகிறார் என்று சொல்லி எழுத வைத்தேன்.

அங்கமுத்துவுக்குப் புரியவில்லை. வக்கீல் ஒருவர் காதில் சொன்ன பிறகும் நின்றுகொண்டே இருந்தார். வாசலிலிருந்து பாவாயி செருப்பைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. படித்த சட்டமெல்லாம் இந்த ஒரு மதியத்துக்காகத்தான் என்று பட்டது. மகளுக்குப் பிடித்ததாக ஏதோ சமைத்தேன். என் பணிக்காலத்தில் அப்படிப்பட்ட சாயங்காலங்கள் குறைவு, அதனால் அது நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த வாரமே செய்தித்தாளில் பார்த்தேன். அங்கமுத்துவைக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைத்துவிட்டார்கள்.

இந்தச் சட்டத்தில் குற்றம் நிரூபிக்க வேண்டாம். இவர் வெளியே இருந்தால் பொது அமைதி கெடும் என்று ஆட்சியருக்குத் திருப்தி ஏற்பட்டால் போதும், ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். என்னைப் போன்ற நடுவரின் கையெழுத்து எங்கேயும் தேவைப்படாது. பழைய சாலை மறியல் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி ஒருவர், அங்கமுத்து தன்னைச் சந்தையில் மிரட்டியதாகப் புதிதாக ஒரு புகார் கொடுத்தார். தோப்பில் கோபுரம் வர அனுமதித்துக் கையெழுத்துப் போட்ட அதே கைதான், தோப்புக்காரரைச் சிறையில் வைக்கும் உத்தரவிலும் கையெழுத்துப் போட்டது. நிர்வாகமும் நீதியும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதித்தான் நானும் நீங்களும் இந்த வேலைக்கு வந்தோம்.

மறுநாள் நீதிமன்றத்தில் யாரும் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்று சிரித்த வக்கீல்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் உள்ளே போன பிறகு அந்த ஊரில் எதிர்ப்பு இல்லை. அங்கமுத்துவே குண்டர் என்றால் மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்று ஒவ்வொருவராகச் சம்மதக் கையெழுத்துப் போட்டார்கள். தென்னைகளை வெட்டினார்கள். குழி தோண்டிக் கான்கிரீட் கொட்டினார்கள்.

அந்த மாதம் நீதிபதிகள் கூட்டத்துக்குப் போனேன். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு முதன்மை நீதிபதி என்னை அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தவில்லை. உட்காரச் சொன்னார்.

“என்மேல வருத்தமாம்மா?”

“இல்ல சார்.”

“நீங்க சட்டப்படி செஞ்சீங்க. மேல போனாலும் அந்த உத்தரவு நிக்கும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவங்களுக்கு வேண்டியது பதினஞ்சு நாள்தான். அந்தாளு இல்லாதப்போ மரத்த வெட்டிக் குழியப் போட்டுருவாங்க. அப்பறம் ஜாமீனுக்கு எதிர்ப்பே சொல்றதில்லைன்னு எனக்குச் சொல்லியிருந்தாங்க. எப்படியும் டவர் வந்திரும். அந்த மனுஷனாவது சீக்கிரம் ஊட்டுக்குப் போகட்டும்னுதான் கூப்பிட்டேன்.”

“அப்படின்னா என் கையெழுத்து எதுக்கு சார்? தோப்பக் காலி பண்றதுக்கா?”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“ஆமாம்மா,” என்றார். “அதுக்குத்தான். எனக்கு அது தெரியாதுன்னா நினைக்கிறீங்க?”

நான் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு அவரோடு தனியாகப் பேசியதில்லை. அவர் எதிர்பார்த்த உயர்வு அவருக்குக் கிடைக்கவில்லை. அதில் எனக்குத் துளியும் மகிழ்ச்சி இல்லை. அடுத்த பட்டியலில் எனக்கும் மாற்றல் வந்தது, விபத்து இழப்பீட்டு வழக்குகளை மட்டும் விசாரிக்கும் இடத்துக்கு. பொது மாற்றல்தான், பழிவாங்கல் என்று யாரும் நிரூபிக்க முடியாது. அங்கே நான் யாரையும் சிறைக்கு அனுப்பவும் வேண்டாம், அனுப்ப மறுக்கவும் வேண்டாம்.

பல மாதம் கழித்து உயர் நீதிமன்றம் அங்கமுத்துவின் காவலை ரத்து செய்தது. உத்தரவை வாங்கிப் படித்தேன். அவருக்குக் கொடுத்த ஆவணப் புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்க முடியாதபடி மங்கலாக இருந்ததாம், அதனால் முறையீடு செய்யும் உரிமை பாதிக்கப்பட்டதாம். நல்ல சட்டம்தான், அந்த ஓட்டை வழியாகத்தான் பலர் வெளியே வருகிறார்கள். ஆனால் மரத்தைக் கட்டிப் பிடித்தவர் எப்படிக் குண்டர் ஆனார் என்று அந்த உத்தரவில் ஒரு வரிகூட இல்லை. அந்த நகல் மட்டும் தெளிவாக இருந்திருந்தால் அவர் ஓராண்டும் உள்ளேயே இருந்திருப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு நாமக்கல்லில் கண் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போயிருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். யாருக்கும் எதுவும் சரியாகத் தெரியாது. நர்ஸிடம் இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். பக்கத்து நாற்காலிப் பெண் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க கோர்ட்டு அம்மாங்களா? கொரலக் கேட்டாத் தெரியுதுங்க.”

நீங்கள் யார் என்று கேட்டேன்.

“பாவாயிங்க. டவர் கேஸு. அங்கமுத்து சம்சாரமுங்க.”

அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“இருக்கறாருங்க. தோப்புப் பக்கம் போறதில்லீங்க. மாட்ட வித்துட்டமுங்க. போலீசு ஜீப்பு ரோட்டுல போனா எந்திரிச்சு உள்ள போயிருவாரு. பேச்சு சுருங்கிப் போச்சுங்க. முந்தி அந்த ஊருக்கே பேசுனவருங்க.”

நர்ஸ் வந்து இருவர் கண்ணிலும் இன்னொரு சொட்டு விட்டுப் போனார்.

“ஒண்ணு சொன்னா மனசுல வெச்சுக்க மாட்டீங்களே சாமி?”

“சொல்லுங்கம்மா.”

“அன்னிக்கே நீங்க உள்ள அனுப்பியிருந்தீங்கன்னா பதினஞ்சு நாள்ல ஊட்டுக்கு வந்திருப்பாருங்களாம். எங்க வக்கீலு சொன்னாருங்க. உங்களக் குத்தம் சொல்லலீங்க. நீங்க நல்லதுதானுங்க பண்ணுனீங்க. ஆனா கோர்ட்டு நம்ம பக்கம் நின்னா நமக்கு ஆகாதுன்னு எங்கூட்டுக்காரரு சொல்லுவாருங்க.”

நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டார். பாவாயி என் முழங்கையைப் பிடித்து, “பாத்து எந்திரிங்க, படி இருக்குது,” என்றார்.

அதற்குப் பிறகு அந்த ஊர் நீதிமன்றத்தின் புதிய கட்டடத் திறப்புக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அப்போது அங்கே நடுவராக இருந்த இளைஞர் என்னைத் தன் அறையில் உட்கார வைத்துக் காபி வரவழைத்தார். நல்லவர். எதிரிகளை வெயிலில் நிற்கவைக்கக் கூடாது என்று வராந்தாவில் பெஞ்சு போடச் சொல்லியிருந்தார். பேச்சுவாக்கில் போராட்ட வழக்குகளில் ரிமாண்டு எப்படி என்று கேட்டேன்.

“பெரும்பாலும் பண்ணிடறது மேடம்.”

“காரணம் இல்லாவிட்டாலும்?”

காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். “நாங்க புதுசா வந்தப்பவே சீனியர்ஸ் சொல்லிக் குடுத்தாங்க மேடம். ரிமாண்டு மறுத்தா அந்த ஆளுக்குத்தான் கஷ்டம், குண்டாஸ் போட்டுருவாங்கன்னு. முன்னாடி இங்க ஒரு மேடம் மறுத்து, ஒரு விவசாயி மாசக்கணக்கா உள்ள இருந்தாராமே. பாவம், அந்த மாதிரி யாருக்கும் ஆயிடக் கூடாதில்ல. அதனால உள்ள அனுப்பிட்டு, சீக்கிரமா ஜாமீன் குடுத்திடறோம்.”

அந்த மேடம் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. மனதார ஒருவருக்கு நல்லது செய்வதாக நம்பி, அந்தப் பிள்ளை ஆட்களைச் சிறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அன்று முதன்மை நீதிபதி எனக்கு ஒருமுறை போனில் சொன்னது, இப்போது யாரும் யாரையும் கூப்பிடாமலே நடக்கிறது. மிரட்ட ஆள் வேண்டாம், கெஞ்ச ஆள் வேண்டாம், வழக்கமாகிவிட்டது. இதைவிடப் பெரிய தோல்வி எதுவும் என் கண்ணில் படவில்லை. அதற்கு உதாரணமாக என் உத்தரவைத்தான் சொல்கிறார்கள்.

நான் அன்று செய்தது சரி என்று உங்களிடம் வாதிட முடியும். அவர்கள் அநியாயம் செய்தால் அது அவர்கள் கையெழுத்திலேயே இருக்கட்டும், நம் கையெழுத்தைக் கடன் கொடுக்க வேண்டாம் என்பேன். நாம் மறுக்கும் ஒவ்வொரு முறையும் அவர்கள் முகமூடியைக் கழற்ற வேண்டிவரும் என்பேன். வகுப்பறையில் இது நிற்கும். கண் ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது இதில் ஒரு சொல்கூட எனக்கு வாயில் வரவில்லை. நீங்களும் மறுத்தால் உங்கள் முன்னால் நிற்பவருக்கு என்ன ஆகும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. மோசமாகத்தான் ஆகும் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நாளைக்கோ மறுநாளோ ஒருவர் உங்கள் முன்னால் வந்து நிற்பார். தாளில் காரணம் இருக்காது. இவரை உள்ளே அனுப்புவதுதான் இவருக்கு நல்லது என்று உங்களுக்குத் தோன்றும். அப்போது அந்தக் காரணத்தை அப்படியே உத்தரவில் எழுதிப் பாருங்கள்: ‘இவர் குற்றம் செய்ததாகத் தெரியவில்லை, வெளியே விட்டால் அரசு இவருக்கு இதைவிடக் கெடுதல் செய்யும் என்பதால் சிறைக்கு அனுப்புகிறேன்.’ எழுத உங்கள் கைக்கு வந்தால், கீழே கையெழுத்துப் போடுங்கள்.

எனக்கு வராது. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.